இருபது பவுண்டு வில்

வில் விற்கும் கடைக்கு முதன்முதலாகத் தனியாகப் போன அன்று, மாடிப்படிக்குக் கீழேயே வெகுநேரம் நின்றிருந்தேன். மைசூரில் அது ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கீழே கிரிக்கெட் மட்டை, ஷட்டில் மட்டை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான வெள்ளை ஷூ. வில்லும் அம்பும் மாடியில். படியில் யாராவது இறங்கி வந்தால் அவர்களுக்கு வழி விடுவதுபோல ஒதுங்குவேன். அவர்கள் போன பிறகும் ஒதுங்கியபடியே நிற்பேன். கல்லாவில் இருந்த பெண் "ஏனு பேக்கு அம்மா?" என்று கேட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. நான் ஷட்டில் மட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

எனக்குப் பேச வராது. கர்நாடக எல்லையில் கௌதள்ளிப் பக்கம் பிறந்து, மேட்டூரில் சித்தி வீட்டில் தங்கிப் பத்தாவது வரை படித்து, கல்யாணமாகி மைசூர் வந்தவள். கன்னடம் நன்றாகவே வரும். தெரியாதவர்களிடம் பேசுவது மட்டும் எந்த மொழியிலும் வராது. கடைகளுக்கெல்லாம் அவர்தான் போவார். இந்தக் கடைக்கு மட்டும் அவரால் வர முடியவில்லை. படி ஏற வேண்டியிருந்தது.

அவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பிரிவில் வேலை பார்த்தார். அவருடைய அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப்புக்காகத்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாற்பது வயது தாண்டியபோது ஒர்க்‌ஷாப் விளையாட்டு விழாவில் யாரோ அவர் கையில் ஒரு வில்லைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் காபியைக் குடிக்காமல் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றார். என்னங்க ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. இப்படி நிக்கணுமாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் வில்தான். நஞ்சன்கூடு ரோட்டில், ஊருக்கு வெளியே, ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மைதானம் வைத்திருந்தார்கள். வைக்கோல் திண்டுகளை அடுக்கி, அதில் காகிதத்தைக் குத்தி அடிப்பார்கள். போட்டி, மெடல் ஒன்றும் கிடையாது. குறி பார்க்கிற கருவி எதுவும் இல்லாத பழைய மாதிரி வில்தான் எல்லோரிடமும். நானும் கூடப் போவேன். புல்லில் விழுந்த அம்புகளைத் தேடி எடுத்துத் தருவது என் வேலை. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. அதனாலேயே அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் தனக்கென்று ஒரு வில்லை வாங்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டார். நெட்டை வில்தான் வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. ஆள் உயரத்துக்கு ஒரே துண்டாக, மூங்கிலும் மரமும் ஒட்டிச் செய்வது. எத்தனை பவுண்டு என்பதில்தான் யோசனை. பவுண்டு என்றால் வில்லின் கனம் இல்லை. நாணை முழுதாக இழுத்துப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கான கணக்கு. மைதானத்தில் எல்லோருக்கும் ஐம்பது வேண்டும். ஐம்பது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மீசை முறுக்கல் இருந்தது. இவர் எல்லோருடைய வில்லையும் வாங்கி இழுத்துப் பார்ப்பார். முழுதாக இழுத்து, மூச்சை நிதானமாக விட்டு, வில்லின் மேல் நுனியைப் பார்ப்பார். நுனி நடுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது என் வில் இல்ல" என்பார்.

"உன்னப் பாத்து முடிவு பண்ண எனக்கு அரை மணி நேரம்தான் ஆச்சு. இது பாரு, வருஷம் போகுது" என்று என்னிடம் சொன்னார்.

"அதுக்குள்ள நுனி நடுங்கலையாக்கும்" என்றேன். நான் வீட்டில் மட்டும் இப்படிப் பேசுவேன்.

கடைசியில் நாற்பது பவுண்டு வாங்கினார். மற்றவர்கள் ஐம்பதை இழுத்து முகம் சிவந்து நிற்கும்போது, இவர் நாற்பதை இழுத்துக்கொண்டு எதையோ யோசிப்பவர்போல நிற்பார். அம்பு போய்த் தைக்கும். தனக்கு எது சரி என்று தெரிந்து அதற்கு மேல் ஆசைப்படாத ஒரு மனிதரை அந்த நேரத்தில்தான் நான் நன்றாகப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆபீசிலும் உறவுக்காரர்கள் நடுவிலும் அது கையாலாகாத்தனமாகத்தான் தெரிந்தது.

வியாதியை எங்களுக்கு முதலில் சொன்னதும் அந்த நுனிதான். பத்து வருடத்துக்கும் மேலாக அசையாமல் நின்ற நுனி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்ல ஆடியது. அவர் வில்லை இறக்கிவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடி ஆடியது. நான் அம்புகளோடு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காததுபோலக் குனிந்து புல்லைத் துழாவினேன்.

மைசூரில் இரண்டு டாக்டர்கள், பிறகு பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். தசைகள் மெலிந்துகொண்டே போகுமாம். மருந்து இல்லை. எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்ல முடியாது, திரும்பி வராது என்று மட்டும் சொல்லலாம் என்றார் டாக்டர். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வில் இழுக்கலாமா சார்?" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. நான் நாணை இழுப்பதுபோல இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அப்போது டாக்டர் சிரித்துவிட்டு, "அதிகம் சிரமப்படாமல், முடிகிற வரை" என்றார்.

அந்த இரண்டு வார்த்தைகள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டன. முடிகிற வரை. அவரிடம் மீதி இருந்தது அதுதான், எனக்கும் அதுதான். மற்றதெல்லாம் போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ இழுத்துப் பார்க்கலாம்.

நெட்டை வில்லில் ஒரு கஷ்டம், அதைக் குறைக்க முடியாது. நாற்பது என்றால் நாற்பதுதான். மைதானத்தில் இவருக்கு நெருக்கமான ஒருவர் இருந்தார். பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அவர்தான் கழற்றி மாட்டுகிற வில்லை வாங்கச் சொன்னார். நுனி முன்னால் வளைந்திருக்கும் மாதிரி அது. நடுவில் கையால் பிடிக்க ஒரு மரக்கட்டை. மேலும் கீழும் வளையும் பட்டைகள் இரண்டும் தனித்தனி, திருகு போட்டு மாட்டுவது. அந்தப் பட்டைகளை லிம்ப் என்பார்கள். கட்டையை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றினால் போதும், வில் லேசாகிவிடும்.

"பல்செட்டு மாதிரி. கழட்டறது, மாட்டறது" என்று இவர் முகத்தைச் சுளித்தார்.

"பல்லு போனா பல்செட்டுதான் ஸார். சும்னே, பேசாம வாங்கி மாட்டுங்க" என்றார் பேங்க்காரர்.

முப்பத்திரண்டு பவுண்டு லிம்ப் போட்டு வாங்கினோம். அப்போது அவரால் கடைப் படி ஏற முடிந்தது. நாணை ஏற்றிக் கொடுப்பதை மட்டும் நான் கற்றுக்கொண்டேன். அதற்கு ஒரு கயிறு உண்டு. அதை வில்லின் இரண்டு நுனியிலும் கோத்து, காலில் மிதித்துக்கொண்டு கட்டையை மேலே தூக்கினால் லிம்ப் வளையும், நாணை நுனியில் மாட்டலாம். அக்ரஹாரம் என்ற பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக் கூடம் சின்னது. தூக்கும்போது நுனி மின்விசிறியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முப்பத்திரண்டு ஒரு வருடம் போல வந்தது. பிறகு தோள் இறங்கியது. சட்டை மாட்ட ஒரு கையை இன்னொரு கையால் தூக்கிவிட்டுக்கொண்டார். காலும் தளர்ந்தது. "இருபத்தாறு வாங்கிட்டு வந்துடு. வேற ஒண்ணும் பேச வேண்டாம். இருபத்தாறு பவுண்டு லிம்ப்னு சொல்லு, போதும்" என்றார். அப்படித்தான் நான் அந்த மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றேன்.

மாடியில் இருந்தவர் முப்பது வயதுக்காரர், நல்ல சுறுசுறுப்பு. அவர் பேசியது கன்னடம். எனக்கு அது தமிழாகவே ஞாபகத்தில் இருக்கிறது.

"வாங்க மேடம். பையனுக்கா? எத்தன வயசு?"

என் வீட்டுக்காரருக்கு என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வாயில் வந்தது வேறு. "பன்னெண்டு" என்றேன்.

"கை நீளம் பாத்தீங்களா? எத்தன அங்குலம் இழுக்கிறான்?"

"இருபத்தெட்டு." அது எனக்கு மனப்பாடம்.

"பன்னெண்டு வயசுல இருபத்தெட்டா? அப்பா நல்ல ஒசரமோ?"

"ஆமாங்க" என்றேன். அது உண்மை.

"இப்ப எத்தன பவுண்டு வெச்சிருக்கான்?"

"முப்பத்திரண்டு. இருபத்தாறு வேணும்."

அவர் பெட்டியை எடுக்கப் போனவர் நின்றுவிட்டார். "இல்ல மேடம், திருப்பிச் சொல்றீங்க. இருபத்தாறுல இருந்து முப்பத்திரண்டுக்குத்தான் எல்லாரும் போவாங்க. எங்கிட்ட யாரும் கீழ எறங்க வந்ததில்ல."

"கை வலிக்குதாம்."

"படிக்கச் சொன்னா தலை வலிக்கும், இழுக்கச் சொன்னா கை வலிக்கும். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இல்லாத பிள்ளையைப் பற்றி ஒருவர் அவ்வளவு உரிமையோடு குறை சொன்னது எனக்குப் பிடிக்கக்கூடச் செய்தது.

இரண்டு பெட்டிகளை மேஜையில் வைத்தார். ஒன்று இருபத்தாறு. இன்னொன்று இருபது. "என்னைக் கேட்டா வளர்ற பிள்ளைக்கு எப்பவும் கொஞ்சம் கூட்டியே வாங்கணும் மேடம். யூனிஃபார்ம் தெக்கிறப்ப கீழ மடிச்சு விடச் சொல்றோம்ல? வளர வளரப் பிரிச்சுக்கலாம். அதுமாதிரி."

அது எங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். என் தங்கை பிள்ளைகளுக்குப் பாவாடையோ செருப்போ எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். அவர் சொல்லச் சொல்ல நான் அதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு ஆறு மாதம் வருமா? பிறகு மறுபடி இந்தப் படி, மறுபடி அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன். இருபதாகவே வாங்கிவிட்டால் ரொம்ப நாளைக்கு வரும். இப்போது கொஞ்சம் லேசாக இருந்தால்தான் என்ன, டாக்டரும் சிரமப்பட வேண்டாம் என்றுதானே சொன்னார்.

இருபதை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். பெட்டியை அவர் மடியில் வைத்துப் பிரித்துக் கொடுத்தேன். லிம்பின் உள்பக்கத்தில் சின்னதாக எண் அச்சிட்டிருக்கும். வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார்.

"இருபதுன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"இருபத்தாறு இல்லையாமா?"

"இருந்துதுங்க."

அவர் லிம்பை இன்னொரு தடவை வளைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இது எப்பவுக்கு?"

நான் சமையலறைக்குப் போக ஒரு காரணம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கேயே நின்றேன்.

"ஸ்டோர்ல சாமான் வந்தா நாங்க கேக்கறது அதான். இப்ப தேவையா, இல்ல முன்கூட்டி வாங்கி வெக்கறதான்னு. அந்தப் பழக்கத்துல கேட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மனசுக்குள் அவர் எவ்வளவு தூரம் தேய்ந்துபோயிருக்கிறார் என்பது அந்த லிம்பில் எண்ணாக அச்சடித்திருந்தது. அவர் அதைப் படித்துவிட்டார்.

"மாத்திக்கிட்டு வரட்டுங்களா?"

"வேண்டாம். மறுபடி அந்தப் படி ஏறச் சொன்னா நீ செத்துருவே" என்று பெட்டியை மூடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருபதை மாட்டிக்கொண்டு போனோம். அவர் வழக்கம்போல் நின்று இழுத்தார். நாண் ஒரு தடையும் இல்லாமல் மோவாயைத் தாண்டி வந்துவிட்டது. அவருடைய உடம்பு இன்னும் கொஞ்சம் எதிர்ப்பை எதிர்பார்த்து வந்திருந்தது. விட்டதும் அம்பு மேலே எழும்பி, யோசித்து, இடது பக்கமாகச் சரிந்து போய் மண்ணில் குத்தியது. அம்பின் விறைப்பும் வில்லின் பலமும் ஒத்துப்போக வேண்டுமாம். பழைய அம்புகள் இந்த வில்லுக்குக் கெட்டியாக இருந்தன.

பேங்க்காரருக்கு வியாதி விஷயம் தெரியும். தெரிந்தாலும் கிண்டலை நிறுத்தக் கூடாது என்று இவர் அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார். "ஏன் ஸார், உங்க அம்பு நடுவுல எறங்கி டிபன் சாப்பிட்டுப் போகுதா?" என்றார்.

"ஆர்டினரி பஸ். எல்லா ஸ்டாப்புலயும் நிக்கும்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இன்னும் பலம் இருந்தது. இருபதுக்கு மேலே ஒரு ஆறு பவுண்டு, போக இடமில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதை நான் வீணாக்கிக்கொண்டிருந்தேன். இனி வராத பலம் அது.

மறுநாள் காலையில் அவரிடம் சொல்லாமல் கடைக்குப் போனேன். இந்தத் தடவை கீழே நிற்கவில்லை. படியேறி, மூச்சு வாங்குவதற்குள் "இருபத்தாறு வேணும்" என்றேன். இருபத்தாறு போன சனிக்கிழமையே விற்றுப்போயிருந்தது.

"சொன்னேன்ல மேடம். வளர்றவனுக்கு இருபதெல்லாம் எந்த மூலைக்கு" என்றார். ஆர்டர் போட்டால் வரும், வெளியூரிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.  அன்று சாயங்காலம் அவர் கதவுக் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தினமும் செய்தார். இருபத்தாறு வரும்போது கை தயாராக இருக்க வேண்டுமாம். சிரமப்படாதீங்க என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர் முகத்தில் எதற்கோ காத்திருக்கிற மனிதனின் தெளிவு இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரம் ஒரு மாதமாயிற்று. தசரா வந்தது. ஊரே விளக்குப் போட்டு நின்றது, ரோடெல்லாம் கூட்டம். கடைக்குப் போன் செய்தால் தசரா முடியட்டும் மேடம் என்றார்கள். ஆயுத பூஜையன்று நெட்டை வில், முப்பத்திரண்டு, இருபது எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தோம். அவர் பொட்டு வைக்கக் குனிந்தபோது கை பலகையை எட்டவில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினேன். அந்தக் கையின் லேசு எனக்குப் பயமாக இருந்தது. தீபாவளி போயிற்று. கார்த்திகை போயிற்று. தப்பான பவுண்டு வந்து, திருப்பி அனுப்பி, மறுபடி வர வேண்டும் என்றார்கள்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் வந்துவிட்டது என்று போன். போய் வாங்கி வந்தேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரோ விருந்தாளி வருவதுபோல. கூடத்திலேயே மாட்டி நாண் ஏற்றிக் கொடுத்தேன். எழுந்து நின்றார். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டார். அம்பில்லாமல், விடாமல், சும்மா இழுத்துப் பார்க்கத்தான்.

பாதிகூட வரவில்லை. நாண் ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. நுனி நடுங்கியதைச் சொல்ல வேண்டியதில்லை, அவர் முழுவதுமே நடுங்கினார். நாணை மெதுவாகத் திருப்பி விட்டார். அதை மட்டும் மிகச் சரியாகச் செய்தார். வெறும் நாணை விட்டால் வில்லுக்குக் கேடு என்பது அந்த நிலையிலும் அவருக்கு மறக்கவில்லை.

"நல்ல லிம்ப்" என்றார். உட்கார்ந்தார். "பழசையே மாட்டு."

என் கணக்கு சரியாக வந்துவிட்டது. இருபதுதான் அவருக்கு. கணக்கு சரியாக வருவதில் இப்படி ஒரு கசப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு சரியாக இருந்திருக்க வேண்டிய மாதங்கள் துண்டு இழுப்பதில் போய்விட்டன. அந்த லிம்ப் ஒரு அம்பைக்கூட விடாமல் புத்தம் புதிதாகப் பெட்டிக்குத் திரும்பியது.

பிறகு கொஞ்ச நாள் இருபது அவருக்குப் பொருந்தி இருந்தது. இதையும் சொல்ல வேண்டும். பேங்க்காரர் எங்கிருந்தோ மெல்லிய மர அம்புகள் வாங்கி வந்தார். வைக்கோல் திண்டைப் பாதித் தூரத்துக்கு இழுத்துப் போட்டார்கள். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இழுத்தார். நாண் மோவாய்க்கு வந்து நின்றது, நுனி அசையவில்லை, அம்பு நேராகப் போயிற்று. இரண்டு ஞாயிறோ மூன்று ஞாயிறோ. அப்போதும் நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அம்பும் போகும்போது அடுத்த அம்புக்கு இந்தப் பலம் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் பார்த்திருப்பார்.

அடுத்துப் போனவை விரல்கள். நாணைக் கொக்கி போலப் பிடிக்கும் மூன்று விரல்களும் ஒவ்வொன்றாக நழுவின. நாங்கள் கடைசியாக மைதானத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். நான் அம்பைப் பூட்டிக் கொடுத்தேன். இழுக்கத் தொடங்கியதும் நாண் விரலிலிருந்து தானாக வழுக்கியது. அம்பு அவர் காலடிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மறுபடி பூட்டினேன். மறுபடி. பேங்க்காரர் அந்தப் பக்கம் திரும்பித் தன் அம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அவற்றில் ஒன்றும் இல்லை. அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. அதை இவர் கவனித்தார்.

"நீ இழு" என்று வில்லை என்னிடம் நீட்டினார்.

"நானுங்களா?"

"அம்பு போறதப் பாத்துட்டுப் போலாம்."

அத்தனை வருடம் கூடப் போயும் நான் ஒரு தடவைகூட இழுத்ததில்லை. மற்றவர்கள் பார்ப்பார்களே என்றுதான். வில்லை வாங்கி, அவர் நின்ற மாதிரி நின்று, நாணில் விரலை வைத்து இழுத்தேன். ஒன்றுமே இல்லை. கிணற்றுக் கயிறு இழுத்த கைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இதையா அவரால் முடியவில்லை என்று நினைத்த நொடியில் என் கை தானாக நின்றது. பாதியில் நிறுத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, தோளைக் குலுக்கி, கனமாக இருப்பதுபோல நின்றேன்.

"நடிக்காதே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அது உனக்கு லேசு. எனக்குத் தெரியும். முழுசா இழு."

முழுதாக இழுத்தேன். அவர் வில்லின் நுனியைப் பார்த்தார். அது அசையவில்லை. விட்டேன். அம்பு திண்டின் மூலையில் போய்த் தைத்தது. பேங்க்காரர் தட்டக் கையை எடுத்து, தட்டாமல் இறக்கிக்கொண்டார்.

"இது உன் வில். உனக்குச் சரியா இருக்கு" என்றார் இவர்.

"எனக்கு வேண்டாங்க."

"தெரியும். சரியா இருக்குன்னுதான் சொன்னேன்."

நாணை இறக்கி, திருகைக் கழற்றி, பையில் போட்டேன். மைதானத்து ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். யாரும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அக்ரஹாரம் வரும் வரை அவர் தென்னை மரங்களையும் கடைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்போது அவர் கட்டிலில்தான் இருக்கிறார். கழுத்தும் பேச்சும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவருமே சீக்கிரம் விழித்துக்கொள்கிறோம், எழுந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. காபியை ஆற்றி ஸ்பூனில் கொடுக்கிறேன்.

போன மாதம் அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. பதினாலு பவுண்டு லிம்ப் ஒரு ஜோடி வந்திருக்கிறதாம். லேசான லிம்ப் கேட்டுக் கீழே இறங்கி வந்தது நான் ஒருத்திதான் என்பதால் என் ஞாபகம் வந்ததாம். இவ்வளவு லேசு சாதாரணமாகக் கிடைக்காதாம், வேண்டுமானால் எடுத்து வைக்கிறேன் என்றார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்குள்ளே அவருடைய வலது தோள் மிகக் கொஞ்சமாக, நூல் அளவு, பின்னால் நகர்ந்தது. நகர்ந்து நின்றது. மறுபடி ஒரு தடவை நகரப் பார்த்தது. நான் போனைப் பிடித்தபடி காத்திருந்தேன். வாங்கு என்று சொல்லிவிட்டால் இப்போதே ஓடிப்போய் அந்தப் படியேறி வாங்கி வந்துவிடுவேன்.

"ஆகாது" என்றார் கண்ணைத் திறந்து. "வேண்டாம்னு சொல்லிடு."

சொல்லிவிட்டேன்.